உப்புக்கண்டமும் சுண்டுவிரலும்

எறும்புதான் முதலில் கண்டுபிடித்தது. கும்மிடிப்பூண்டி ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுப் பின்சுவரோரம், என் வீட்டுக்காரர் விடிகாலையில் ஒதுங்குகிற இடத்தில், கட்டெறும்பு வரிசை கட்டிக்கொண்டு வந்தது. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். பத்து நாள் வந்தது. சாம்பல் கொட்டினேன், மண்ணெண்ணெய் ஊற்றினேன். எறும்பைத் திட்டினேன். கக்கூஸ் இருக்கும்போது சுவரைத் தேடிப் போகிற மனுஷனையும் சேர்த்துத் திட்டினேன். இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, ரயில்வே பாயிண்ட்ஸ்மேனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் வரிசைக்கு வந்தவள். எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது அந்த அரைச்சுவர் ஒன்றுதான். அதன் மேல் நடந்த சண்டைகளை எல்லாம் எழுதினால் காகிதம் போதாது. அன்றைக்கு அவள் சண்டைக்கு வரவில்லை.

"யக்கா, அது சக்கரை நீரு. எங்க மாமனுக்கு இப்பிடித்தான் எறும்பு மொய்ச்சிது. அண்ணன ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ" என்றாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. சர்க்கரை என்றால் பணக்காரர்களுக்கு வருகிற வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆந்திரா பக்கம் போகிற தண்டவாளத்தில் தினம் மைல் கணக்கில் நடக்கிற கீமேனுக்கு அது எப்படி வரும் என்று எனக்குப் புரியவில்லை. கீமேன் என்றால், தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கிற இரும்புச் சாவிகள் கழன்றிருக்கின்றனவா என்று பார்த்துப் பார்த்து, சுத்தியலால் அடித்து இறுக்கிக்கொண்டே போகிற ஆள். தோளில் சுத்தியல், கையில் சுருட்டிய சிவப்புக்கொடியும் பச்சைக்கொடியும். பதினோரு வருடமாக அதே பாதை. குறை சொல்ல முடியாத மனுஷன்தான், ஒன்றைத் தவிர. பேசமாட்டார். கேட்டால் சிரிப்பார், திட்டினாலும் சிரிப்பார். கல்லுளிமங்கன். இரண்டு பேர் பேச வேண்டியதை நான் ஒருத்தியே பேசிப் பேசித்தான் என் வாய் இப்படி ஆயிற்று. எங்கள் அம்மா வீட்டில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள், அதை விடுங்கள்.

பட்டணத்து ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கம்பவுண்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீரை ஊற்றி, அதில் இவருடைய நீரில் சில சொட்டு விட்டு, விளக்கில் காட்டிக் கொதிக்க வைத்தார். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறத்துக்குப் போனால் ரொம்ப மோசம் என்று அவரே சொல்லிக் கொடுத்தார். நான் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சையில் நிற்கும் என்று பார்த்தேன். மஞ்சளிலாவது நிற்கும் என்று பார்த்தேன். அது நிற்காமல் நேரே செங்கல் சூளைக்குப் போய்ச் சேர்ந்தது.

டாக்டரம்மா காலைப் பார்த்தார். இடது கால் சுண்டுவிரலில் ஜல்லி குத்திய ஒரு புண். இரண்டு மாதமாக ஆறவில்லை. அதையும் இந்த மனுஷன் என்னிடம் சொல்லவில்லை, கான்வாஸ் ஷூவுக்குள் வைத்து மூடிக்கொண்டே நடந்திருக்கிறார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சோறு வேளைக்கு ஒரு கரண்டி, பன், வெல்லம், சர்க்கரை போட்ட டீ எதுவும் கிடையாது, கீரை, முட்டை, மீன், கறி சாப்பிடலாம் என்றார்கள். நடுவில் பசித்தால் ஒரு துண்டு கறியை மெல்லச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்ப்பேன், சர்க்கரையும் இறங்காமல் புண்ணும் ஆறாமல் இருந்தால் லைன் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவேன், அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டரம்மா தயவாகத்தான் சொன்னார்.

அப்படி எழுதினால் எங்கேயோ கண் காணாத ஊரில் ஒரு ஷெட்டில் உட்கார வைப்பார்கள். குவார்ட்டர்ஸ் போய்விடும். என் மனசில் அதெல்லாம் ஓடியது. இவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சுத்திய வாங்கிப்பாங்களா?" ரயிலில் திரும்பி வரும்போது பொன்னேரி தாண்டியதும் என்னிடம் கேட்டார். வாங்கிக்கொள்வார்கள் என்றேன். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்து முடிவு பண்ணினேன், அந்தச் சுத்தியலை யாரும் வாங்க விடமாட்டேன் என்று.

வீட்டில் என் கண்ணெதிரே ஒரு கரண்டிச் சோறு போட்டு எழுப்பிவிடுவது எனக்கு ஒரு விஷயமே இல்லை. லைனில்தான் தொல்லை. காலை ஆறு மணிக்குப் போகிற ஆளுக்குப் பத்து மணிக்குப் பசிக்கும். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை, கடையில் கண்ணாடி ஜாடி, ஜாடியில் பன். அந்த ஜாடியிலிருந்து காப்பாற்றத்தான் வழி தேடினேன். அவித்த முட்டை கொடுத்து அனுப்பினேன். அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்து குனிந்து சாவி அடித்தார், சாயங்காலம் முட்டையைத் துணியிலிருந்து நான் சுரண்டி எடுத்தேன். வேர்க்கடலை கொடுத்தேன். லைனில் கூட வேலை செய்கிற கேங் ஆட்கள் வெல்லம் கொடுத்து அதோடு சேர்த்துத் தின்ன வைத்தார்கள். போதும் போதும் என்றாகிவிட்டது. அப்போதுதான் உப்புக்கண்டம் ஞாபகம் வந்தது.

நாங்கள் மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள். அதை மறைத்து எழுத இனிமேல் எனக்கு வயதில்லை. ஞாயிற்றுக்கிழமை புதுவாயல் கூட்டு ரோட்டுக்கு நடந்து போய், கடை பாயிடம் கொழுப்பில்லாத தொடைக்கறியாகக் கேட்டு வாங்கி, தேக்கு இலையில் கட்டிக்கொண்டு வந்தேன். விரல் தடிமனுக்கு நீளநீளமாக அரிந்தேன். கல்லுப்பை இடித்து, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்துச் சேர்த்து, கையால் அழுத்தி அழுத்திப் பிசறி ஒரு ராத்திரி ஊற வைத்தேன். என் அம்மா எவ்வளவு உப்பு போடுவாளோ அவ்வளவு உப்பு. கை அளவுதான், படி அளவு கிடையாது. மறுநாள் கோணி ஊசியில் சணல் கயிறு கோத்து, ஒவ்வொரு துண்டாகக் குத்தி மாலை கட்டினேன். கறி வழுக்கும், ஊசி எகிறும். வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மாறி மாறிக் குத்திக்கொண்டேன். அந்த ஓட்டைக்குள் உப்பும் மிளகாயும் போனால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு விரலும் புடைத்துவிட்டன. சோறு அள்ளக்கூட மடக்க முடியவில்லை, இடது கையால் கரண்டி பிடித்தேன்.

அதற்கு மேல் காக்கை. கத்திரி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு, மூங்கில் கழியோடு நாலு நாள் கொல்லையில் உட்கார்ந்தேன். காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பருந்து வந்தது. ஒரு முழு மாலையைத் தூக்கிக்கொண்டு போய், கனம் தாங்காமல் லூப் லைனில் நின்ற கூட்ஸ் வண்டி மேல் போட்டது. நான் ஓடிப் போவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. என் உப்புக்கண்டம் கூடூர் போய்ச் சேர்ந்திருக்கும். அங்கே யார் தின்றார்களோ தெரியாது. கொடியில் கருவாடு காயப்போட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய வாளைக்கருவாட்டு நாற்றத்தில் எனக்கு மூன்று வருடமாகத் தலைவலி. அதை ஒரு நாள் நான் சொன்னதுண்டா? அவள் சொன்னாள், ஆடி மாசம் பொறந்ததும் அம்மனுக்குக் கூழ் ஊத்தறேன், அந்த மாசம் முழுக்க உன் மாட்டுக்கறி மாலை எங்க ஊட்டப் பாத்து தொங்கக் கூடாது என்று. ஆடி மாதம்தான் காற்றடித்து நன்றாகக் காயும். தலையில் அடித்துக்கொண்டேன்.

எப்படியோ காய்ந்தது. கட்டை மாதிரி, தட்டினால் சத்தம் வருகிற மாதிரி காய்ந்தது. காலையில் எட்டுத் துண்டைக் கரி அடுப்பில் சுட்டு, அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டி, துணியில் முடிந்து கொடுத்தேன். ஊற வைத்துக் கழுவினால் உப்பு கொஞ்சம் இறங்கும், ஆனால் மத்தியானத்துக்குள் சொதசொதத்துவிடும் என்று கழுவவில்லை. ருசி பார்த்துத்தான் கொடுத்தேன். என் பங்குக் கஞ்சியோடு ஒரு துண்டைக் கடித்துக்கொண்டேன். அமிர்தமாக இருந்தது. சாயங்காலம் துணி காலியாக வந்தது. நன்றாக இருந்ததா என்று கேட்டேன். "ம்" என்றார். தினம் காலி, தினம் "ம்". டீக்கடைக்காரரிடம் போய் விசாரித்தேன். அண்ணன் இந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வரிசை வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், டாக்டரம்மாவின் மாத்திரையை விட என் உப்புக்கண்டம்தான் வேலை செய்கிறது என்று.

ஆடியில் மறுபடி ஆஸ்பத்திரி. நீலம், பச்சை, மஞ்சள், செங்கல். போன தடவையை விடச் சீக்கிரமாகப் போனது. சுண்டுவிரல் நுனி கறுத்திருந்தது. லைனுக்கு லாயக்கா என்று எழுதுவதை இன்னும் மூன்று வாரம் தள்ளி வைக்கிறேன், அதற்குள் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று என்னைக் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. வெளியே வந்ததும் பிளாட்பாரத்திலேயே இவரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். எங்கே தின்கிறாய், என்ன தின்கிறாய், எவள் கடையில் தின்கிறாய். சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு வயிறெரியும்.

வீட்டுக்கு வந்து சட்டைப் பையை மோந்து பார்த்தேன். டிரங்குப் பெட்டிக்கு அடியில் தேடினேன். எதுவும் அகப்படவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு, தண்டவாளத்தோரம் ஒற்றையடிப் பாதையில் எளாவூர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். ஆடிக்காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. இரண்டு மைலுக்கு மேல் இருக்கும், ஒரு சின்ன மதகுக்குப் பக்கத்தில் பனைமர நிழலில் கேங் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேர், ஆறு தூக்குவாளி. நடுவில் இவர், என் துணி முடிச்சைப் பிரித்து வைத்துக்கொண்டு.

ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். அவர்கள் ஆளுக்கு ஒரு மூடி பழைய சோற்றைத் தண்ணீரோடு அவர் பக்கம் நகர்த்தினார்கள். இவர் உப்புக்கண்டத்தில் எறும்பு கடித்த அளவுக்கு ஒரு கடி கடித்தார். மூடியைத் தூக்கிச் சோறும் தண்ணீருமாக விழுங்கினார். மறுபடி ஒரு கடி, மறுபடி ஒரு மூடி. நான் ஒரு கரண்டி, ஒரு கரண்டி என்று அளந்து அளந்து போட்டுக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் பனைமரத்தடியில் ஆறு வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தார். நான் வந்ததை முதலில் பார்த்தது கேங்கில் மூத்தவர். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. எழுந்து நின்று என்னைப் பாராட்டினார்.

"தங்கச்சி கைப்பக்குவம் யாருக்கும் வராது. ஒரு துண்டு இருந்தா போதும், ஒரு சட்டி சோறு எறங்குது."

குனிந்து துணியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, நின்றபடியே முழுசாக வாயில் போட்டு மென்றேன். சோறு இல்லை, கஞ்சி இல்லை, தண்ணீர் இல்லை. வெறும் உப்புக்கண்டம். பிறந்ததிலிருந்து எத்தனையோ தடவை தின்றிருக்கிறேன், ஒரு தடவைகூட அதை வெறும் வாயில் தின்றதில்லை. எங்களில் யாரும் தின்றதில்லை. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளத்தானே அது. நாக்கு எரிந்தது, தொண்டை வறண்டது. கை தானாக ஒரு தூக்குவாளியைத் தேடிப் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோற்றை விட்டுத் தூர நிற்க வேண்டிய மனுஷன் கையில், சோற்றைக் கூப்பிடுகிற பொருளை நானே முடிந்து முடிந்து மூன்று மாதம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

"கரிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாய்யா?" என்றேன்.

சிரித்தார். கையை மதகுத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, சுத்தியலை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, சாவி அடிக்கப் போய்விட்டார். கால் லேசாக இழுத்தது. நான் அந்த இரண்டு மைலும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே திரும்பி நடந்தேன். அவரைத் திட்டினேன், கேங்கைத் திட்டினேன், கடைசியில் திட்டுவதற்கு என்னைத் தவிர வேறு ஆள் மிச்சமில்லை.

ஆவணியில் விரலை எடுத்துவிட்டார்கள். சுண்டுவிரல்தானே, நடக்கலாம் என்றார்கள். அது என்னவோ சின்ன விஷயம் போலத்தான் இருந்தது, கட்டு அவிழ்த்துக் காலைப் பார்க்கிற வரைக்கும். புண் எப்போதோ வந்தது, சர்க்கரை எப்போதோ வந்தது, உன்மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தெரியும். அந்த மூன்று மாதத்தில் அந்த விரலைத் தின்றது என் உப்பு.

ஒன்றரை மாதம் வீட்டில் இருந்தார். என் கண்ணெதிரே சாப்பிட்டார். சர்க்கரை இறங்கியது, புண் ஆறியது. ஆனால் டாக்டரம்மா ஏமாறுகிறவர் இல்லை. ஐப்பசியில் லைனுக்குத் திரும்பட்டும், ஒரு மாதம் நடக்கட்டும், அதற்குப் பிறகு பார்த்துத்தான் எழுதுவேன் என்றார். வீட்டில் உட்கார வைத்து இறக்குவது யாராலும் முடியும், தண்டவாளத்தில் அந்தப் பத்து மணிப் பசிக்கு என்ன வழி என்று என்னைத்தான் கேட்டார். நியாயமான கேள்வி.

உப்பைக் குறைத்துப் போட்டுக் காயவைத்தேன். மூன்றாம் நாள் புழு வைத்துவிட்டது. மறுபடி வாங்கி, இன்னும் கொஞ்சம் உப்பு கூட்டிப் போட்டேன். ஐப்பசி மழை புரட்டாசியிலேயே பிடித்துக்கொண்டு ஐந்து நாள் விடவில்லை, மொத்தமும் பூசணம் பூத்துப் போனது. புதுவாயலுக்கும் வீட்டுக்கும் நனைந்து நனைந்து நடந்து, அந்தக் கறியைக் குழி தோண்டிப் புதைத்தபோது அழுகை வந்தது. கோபம் எல்லாம் தீர்ந்துபோய் வந்த அழுகை. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். ஆடி மாதம் மாலை தொங்கவிடுவதில் வந்த சண்டைக்குப் பிறகு நாங்கள் முகம் கொடுத்துப் பேசியிருக்கவில்லை.

"உப்பக் கொறச்சா தடியயும் கொறைக்கணும்க்கா. நீ இன்னா, கட்ட மாதிரி அரிஞ்சி வெக்கிற" என்றாள்.

மாட்டுக்கறியை அவள் தொடமாட்டாள். அதனால் ஒரு பெரிய மீனைச் சுவர் மேல் பலகையில் வைத்து, அவள் பக்கமிருந்து கீறிக் காட்டினாள். இந்தப் பக்கம் நான் கறியை வைத்து, அவள் கை போகிற மாதிரியே கத்தியைப் படுக்க வைத்துச் சீவினேன். வெற்றிலை தடிமனுக்கு வர வேண்டும், கையில் எடுத்தால் விரல் தெரிய வேண்டும் என்றாள். தடிமனாக வந்த துண்டையெல்லாம் திருப்பிச் சீவச் சொன்னாள். மழைக்காலத்தில் ஏரிக்கரையில் வெயிலை எதிர்பார்க்கமாட்டார்களாம். அடுப்புக்கு மேல் கம்பி கட்டித் தொங்கவிட்டு, புகையிலேயே காயவைப்பார்களாம். பேருக்கு உப்பு போட்டு, கெட்டியாகக் கரைத்த புளியில் முக்கி, மிளகும் பூண்டும் தடவினேன். சவுக்குக் கட்டையைத் தணலாக வைத்து, இரண்டு நாள் அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொண்டேன். வீடெல்லாம் புகை, கண்ணெல்லாம் நீர். கோணி ஊசி தேவைப்படவில்லை, மடித்துப் போட்டாலே கம்பியில் நின்றது.

காய்ந்ததும் ஒரு சோதனை வைத்தேன். பசியோடு இருக்கிற நேரம் பார்த்து, சோற்றுப் பானையைத் திறந்து எதிரே வைத்துக்கொண்டு, வெறும் வாயில் மூன்று துண்டு தின்றேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கை பானைக்குப் போகிறதா என்று பார்த்தேன். போகவில்லை. இன்னொரு துண்டுக்குத்தான் போனது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். பானையை எதிரே வைத்துக்கொண்டு தவம் பண்ணுகிறாயா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த மாதம் முழுக்க அதைத்தான் முடிந்து கொடுத்தேன். கேங் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள இது ஆகாது, உப்பும் இல்லை உறைப்பும் இல்லை, தங்கச்சிக்குக் கை போய்விட்டது என்று மூத்தவர் வருத்தப்பட்டாராம். வருத்தப்படட்டும். யாரும் மூடியை இவர் பக்கம் நகர்த்தவில்லை.

கார்த்திகையில் ஆஸ்பத்திரி. கம்பவுண்டர் குழாயை விளக்கில் காட்டினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நீலம், கொதித்தது, நீலம். பச்சையாக ஆரம்பித்தது. பச்சைக்கு மேலே ஏறவில்லை. அவர் விளக்கை அணைத்துவிட்டுக் குழாயை ஸ்டாண்டில் வைத்த பிறகும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், முதுகைத் திருப்பினால் மாறிவிடுமோ என்று. பச்சையாகவே இருந்தது. டாக்டரம்மா காலைத் தடவிப் பார்த்து, லைனில் நடக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இவர் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் வண்டியில் எதிரெதிரே ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பனைமரத்தடியில் கேட்டு பதில் வராத கேள்வி எனக்குள் அப்படியே கிடந்தது. இப்போதாவது சொல், மூன்று மாதம் அந்த உப்பை எதற்காக வாயை மூடிக்கொண்டு தின்றாய் என்று கேட்டேன். சிரித்தால் வண்டியிலிருந்து தள்ளிவிடுவேன் என்றும் சொன்னேன். சிரிக்கவில்லை. மீஞ்சூர் வரைக்கும் யோசித்தார்.

"ஊசி குத்தி ரெண்டு வெரலும் பொடச்சிக்கினு இருந்துது உனுக்கு. அத்தோட வெயில்ல குந்திக்கினு காக்கா ஓட்டினு இருந்த. நான் அப்ப வந்து கரிக்குதுன்னு எப்பிடிம்மே சொல்றது?"

வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். என் இரண்டு விரல் வீக்கம் நாலு நாளில் வடிந்துவிட்டது, அதற்காக உன் விரலையே கொடுப்பாயா, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்டேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். இவர் என்ன செய்வது என்று தெரியாமல் மடியிலிருந்த துணி முடிச்சைப் பிரித்தார். பசி நேரம்தான். ஒரு துண்டை எடுத்துக் கடித்து, மென்று, விழுங்கினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒண்ணு சொல்லட்டா? இதுல காரம் பத்தல."

கல்யாணமாகிப் பதின்மூன்று வருடத்தில் என் சமையலில் அவர் வாய் திறந்து சொன்ன முதல் குறை அது. கும்மிடிப்பூண்டி வரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை.